முப்பத்து மூன்றாம் நம்பர் பாட்டில்

வளைகாப்புக்கு இன்னும் நானூற்று எட்டு மணி நேரம் இருந்தது. வண்ணம் கண்ணாடியில் முழுதாக இறுகுவதற்கு ஐந்நூற்று நான்கு மணி நேரம் வேண்டும். டப்பாவின் முதுகில் இருபத்தொரு நாள் என்றுதான் போட்டிருந்தது. எதையும் மணியாக்கிப் பார்ப்பது கார்த்திகாவின் பழக்கம். வேதியியல் படித்த மூன்று வருடத்தில் ஒட்டிக்கொண்டது. கழித்துப் பார்த்தாள். தொண்ணூற்றாறு மணி நேரம் துண்டு விழுந்தது. அதுவும் வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஐம்பத்தொரு கண்ணாடி பாட்டிலையும் இந்த நிமிடமே வரைந்து முடித்துவிட்டால்தான்.

காதில் போன் இருந்தது. மறுமுனையில் ஆர்டர் கொடுத்த அண்ணனூர் வசந்தா மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"போன வருசம் எம்பொண்ணு திவ்யா கல்யாணத்துக்கு பெயிண்ட் அடிச்ச பானை குடுத்தேம்மா. வந்தவங்க ஊட்டுக்கு எடுத்துகினு போயி கழுவுனா, அப்பிடியே உரிஞ்சிகினு வந்துச்சாம். எங்க நாத்தனா கண்ணம்மா கீறாளே, அத்த இன்னிக்கும் சொல்லிக்காட்டிகினு கீறா. இந்த வாட்டி வளைகாப்புல எம்மானம் போவக் கூடாது. கழுவுனா நிக்குமா நிக்காதா? உங்க மேடத்த கேட்டுச் சொல்லு."

"மேடம் நிக்கும்னு சொல்றாங்க," என்றாள் கார்த்திகா.

அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

மேடம் பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கண்ணாடி பாட்டில்களில் வரைந்து படம் எடுத்துப் போட ஆரம்பித்த புதிதில், முதல் ஆர்டருக்கு வந்த போனில் ஒரு ஆண் குரல், "நீயேதான் போடறியாம்மா?" என்று கேட்டது. கேட்ட விதத்தில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. கார்த்திகாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கல்லூரியில் வாய்மொழித் தேர்விலும் அப்படித்தான் ஒட்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்துக்கு வேலை கேட்டுப் போனபோது, பதில் தெரிந்த கேள்விக்கே ஒட்டிக்கொண்டு, பஸ்ஸில் வரும்போதுதான் பிரிந்தது. அன்றைக்கும் ஒட்டியது. பிறகு, "இல்லைங்க, எங்க மேடம்," என்று வெளியே வந்தது. அந்தக் கணமே போன்காரர் குரலில் மரியாதை ஏறிவிட்டது. அதன்பிறகு மேடத்தை விட முடியவில்லை. மேடத்துக்கு முதுகுவலி, அதனால் போனில் பேச மாட்டார். மேடம் கறார், அவசரப்படுத்தினால் பிடிக்காது. "மேடம் ஒத்துக்க மாட்டாங்க," என்று சொல்லும்போது கார்த்திகாவின் குரலே வேறு மாதிரி இருந்தது. இருபத்து நான்கு வருடமாகத் தன்னிடம் இல்லாத முதுகெலும்பு மேடத்திடம் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். ஒருநாள் கண்ணாடி முன் நின்று மேடம் எப்படி நிற்பார் என்று நின்றுகூடப் பார்த்தாள். அம்மா வந்ததும் தலை வாருவதுபோல் சீப்பைத் தேடினாள்.

கழுவ வேண்டாம் என்று சீட்டு எழுதி ஒட்டலாம். ஒரு பிரயோஜனமும் இல்லை. புதுப் பாத்திரம் எந்த வீட்டுக்குள் வந்தாலும் முதல் வேலை கழுவுவதுதான். அப்புறம் மஞ்சள் குங்குமம் வைத்து, உப்போ சர்க்கரையோ நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை. அதுவும் சும்மா கழுவ மாட்டார்கள். சோப்புத்தூள் போட்டு, நார் வைத்து, கடைக்காரன் கைப்பட்டதெல்லாம் போகிறமாதிரி தேய்ப்பார்கள். சூடு கொடுத்தால் வண்ணம் சீக்கிரம் இறுகும், நூற்றைம்பது டிகிரியில் அரை மணி நேரம் போதும் என்றும் அதே டப்பாவில் போட்டிருந்தது. ஆனால் அதற்கு ஓவன் வேண்டும். ஆவடி ஸ்டாஃப் குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடி வீட்டில், இரண்டு அடுப்பும் ஒரு பழைய பத்து லிட்டர் குக்கரும்தான் இருந்தன.

அம்மா சொர்ணம் வருடத்துக்கு ஒருமுறை அந்தக் குக்கரில் கேக் செய்வாள். காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் மணல் பரப்பி, மணல் மேல் தட்டு வைத்து. கேக் வேகும் சூட்டில் கண்ணாடி வேகாதா? கார்த்திகா குக்கர் மூடிக்குப் பதில் தோசைக்கல்லோடு இலவசமாக வந்த கண்ணாடி மூடியைப் போட்டாள், உள்ளே நடப்பது தெரிய வேண்டும் என்று. சூட்டை அளப்பதற்குத் தெர்மாமீட்டர் இல்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு ஒரு பொட்டலம் வாங்கினாள். அது நூற்று ஐம்பத்து மூன்று டிகிரியில் உருகும். இரண்டாம் வருடப் பாடம். ஒரு சின்னக் கிண்ணத்தில் நான்கு பரல் போட்டுப் சோதனைக்கு வரைந்த ஒரு பாட்டிலுக்குப் பக்கத்தில் உள்ளே வைத்தாள். பரல் கண்ணாடித் துளியாக உருண்டதும் அடுப்பைக் குறைத்தாள். அரை மணி. பிறகு அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் தானாக ஆறும் வரை இரண்டு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். சூட்டோடு எடுத்தால் கண்ணாடி பொறுக்காது.

மறுநாள் அந்தச் சோதனைப் பாட்டிலைத் தேங்காய் நாரால் ஐம்பது தடவை தேய்த்தாள். பச்சைக் கோடு அசையவில்லை. நோட்டில் எழுதினாள்: நார், ஐம்பது தேய்ப்பு, மாற்றமில்லை. எழுதி முடித்துவிட்டு, யாரும் இல்லாத சமையலறையில் கையை ஓங்கி மேடையில் ஒரு தட்டு தட்டினாள்.

"என்னட்டி சத்தம்?" என்றாள் அம்மா கூடத்திலிருந்து.

"ஒண்ணும் இல்லம்மா."

பாரிமுனையிலிருந்து ஐம்பத்து நான்கு பாட்டில் வாங்கி வந்தாள். மூன்று உபரி. வளைகாப்பு என்பதால் எல்லாப் பாட்டிலிலும் வளையல்கள்தான். கழுத்திலிருந்து அடிவரை, ஒரு கை நிறைய அடுக்கினமாதிரி. ஆனால் எந்தப் பாட்டிலின் வரிசையும் இன்னொன்றில் வராது. பச்சை, சிவப்பு, நடுவில் ஒரு மெல்லிய மஞ்சள். அடுத்ததில் நீலம் தொடங்கும். முதலில் விரல் ரேகை போகத் துடைப்பாள். கறுப்புக் கோடு மருதாணிக் கூம்பு போன்ற குழாயிலிருந்து வரும். கை நின்றால் குமிழாகிவிடும், ஓடினால் அறுந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு பாட்டிலைத்தான் சுற்ற வேண்டும், கையை அல்ல. கோடு காய்ந்த பிறகு நிறத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்புவாள். நின்ற பாட்டிலில் நிறம் வழியும். அதனால் சுளகில் கோதுமை பரப்பி அதில் பாட்டிலைப் படுக்கப் போட்டு, மேலே பார்க்கும் பாகத்தை மட்டும் வரைந்து, காய்ந்ததும் திருப்பிப் போட்டு அடுத்த பாகம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போல. ஒவ்வொன்றின் அடியிலும் நம்பர் எழுதிய சின்ன வெள்ளைக் காகிதம் ஒட்டினாள். குக்கரில் ஒரு ஈட்டுக்கு மூன்று பாட்டில்.

அப்பா ஹேமநாதன் டாங்கி ஃபேக்டரியில் பெயிண்ட் பிரிவு. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றியவர் மூக்கைச் சுளித்தார்.

"எட்டு மணி நேரம் பெயிண்ட மோந்துட்டுதான வாரேன். வீட்லயும் அதே வாடையா? சாம்பார்லயும் அடிக்கி."

"ஒங்க மவ கண்ணாடிய அவிக்கா. போயிப் பாருங்க," என்றாள் சொர்ணம். "எனக்கு அடுப்பு காலையில ரெண்டு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம். மத்த நேரமெல்லாம் அவளுக்கு. டைம்டேபிள் எழுதி ஒட்டியிருக்கா."

அவர் போய்ப் பார்த்தார். கண்ணாடி மூடி வழியாக மூன்று பாட்டில்களும் மணலில் நின்றுகொண்டிருந்தன. "நாங்க அடிக்கது ஒரே ஒரு பச்ச," என்றார். கைகால் கழுவுவதற்கு முன் இன்னொரு தடவை வந்து எட்டிப் பார்த்தார்.

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வசந்தாவின் கணவர் கஜபதி புல்லட்டில் வந்து இறங்கினார். மாதிரிக்கு ஒன்று வேண்டுமாம். வசந்தா ஊரெல்லாம் காட்ட வேண்டுமாம். கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஷோக்கா கீதும்மா. மேடம் இல்லியா?"

"கோயிலுக்குப் போயிருக்காங்க."

"கைராசிக்காரங்கன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு, அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். கார்த்திகா நோட்டில் குறித்தாள்: 33, மாதிரிக்குப் போயிற்று.

மறுநாள் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து. அடுப்பை ஏற்றிய பத்தாம் நிமிடம் கண்ணாடி மூடி வெளுத்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மூடியின் அடிப்பக்கம் துளித்துளியாகத் தண்ணீர் கோத்துக்கொண்டு, கனத்து, விழுந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். அடுப்பை அணைத்து, ஆறும் வரை காத்திருந்து திறந்தாள். ஒரு பாட்டில் தோள் முதல் அடிவரை விரிசல் விட்டிருந்தது. மற்ற இரண்டிலும் நிறம் அப்பளம் பொரிந்தமாதிரி கொப்பளித்திருந்தது. கார்த்திகா மணலில் விரலை விட்டாள். ஈரம்.

"அம்மா, இந்த மணல்ல தண்ணி எப்படி வந்தது?"

"கழுவித்தான வச்சேன்."

"மணலையா?"

"சமையக்கட்டுல அழுக்கு மண்ண எப்படிட்டி வைக்க? வெள்ளிக்கெழம வீடு தொடச்சேம்லா, அன்னைலேருந்து தெனமும் நாலு தண்ணி விட்டு அலசித்தான் போடுதேன். பாரு, எப்படி வெள்ளவெளேர்னு இருக்கு!" அம்மாவின் முகத்தில் பெருமை இருந்தது. உடைந்த பாட்டிலைப் பார்த்ததும்தான் அது போயிற்று.

கார்த்திகா அவளைத் திட்டவில்லை. திட்டு வாங்க வேண்டியவள் தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் சில ஈடுகளுக்குப் பிறகு எலுமிச்சை உப்பு வைப்பதை விட்டுவிட்டாள். கடிகாரம் போதும் என்று நினைத்துவிட்டாள். மற்ற நாட்களில் காலையில் அலசிய மணல் அரைகுறையாகவாவது காய்ந்திருக்கும். அதனால் மூடி வெளுக்கவில்லை. ஆனால் ஈரம் முழுதாகப் போகும் வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. வெள்ளிக்கிழமையிலிருந்து வெந்த எதுவுமே வெந்திருக்காது. நோட்டைப் புரட்டினாள். இருபத்தெட்டிலிருந்து நாற்பத்திரண்டு வரை. பதினைந்து பாட்டில். பதினான்கு அலமாரியில் இருந்தன. ஒன்று அண்ணனூரில் இருந்தது.

மணலை வாணலியில் கொட்டி, பொரியும் வரை வறுத்தாள். பதினான்கையும் மறுபடி வேகவைத்தாள், ஒவ்வொரு ஈட்டுக்கும் நான்கு பரல் எலுமிச்சை உப்போடு. மீதி ஒன்பதையும் வரைந்தாள். உபரி தீர்ந்துவிட்டது, முப்பத்து மூன்றையும் சேர்த்தால்தான் ஐம்பத்தொன்று. அதைத் திரும்ப வாங்கிவிட்டால் போதும். வசந்தாவுக்குப் போன் போட்டாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று வாக்கியம் எழுதிவைத்துக்கொண்டுதான் போட்டாள்.

"சொல்லும்மா! பாட்டில பாத்துட்டு தெருவே வாயப் பொளந்துகினு கீது. திவ்யா பக்கத்துலயே வெச்சிருக்கா, ஒருத்தரையும் தொட உடமாட்றா. இன்னா விசயம்?"

எழுதிய மூன்று வாக்கியமும் கண்ணுக்கு நேரே இருந்தன. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது.

"டிசைன் பிடிச்சிருக்கான்னு மேடம் கேக்கச் சொன்னாங்க," என்றாள்.

வளைகாப்பு அன்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கார்த்திகாவும் அம்மாவும் மூன்று அட்டைப்பெட்டிகளோடு ஆட்டோவில் போனார்கள். ஒரு பெட்டி அம்மா மடியில். அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் சின்ன மண்டபம். திவ்யா நிறைமாத வயிறும் கை நிறைய வளையலுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் தட்டுகள் வரிசையாக இருந்தன. அவள் பக்கத்தில் ஸ்டூலின் மேல், கல்கண்டு நிரப்பிய முப்பத்து மூன்றாம் நம்பர் பாட்டில்.

வசந்தா பட்டுப்புடவை சரசரக்க ஓடி வந்தாள். பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் திண்டில் வைக்க வைக்க, பெண்கள் எழுந்து வந்தார்கள். வெயில் பாட்டில்களுக்குள் புகுந்து மண்டபத்துத் தரையில் வளையல் வளையலாக விழுந்தது. ஒரு குழந்தை தரையிலிருந்த பச்சை வளையத்துக்குள் காலை வைத்துப் பார்த்தது.

"மேடம் பின்னாடி வராங்களா?" என்றாள் வசந்தா. ஒரு தனித் தட்டை எடுத்துக் காட்டினாள். புடவை, ரவிக்கைத் துணி, பழம், பூ, நடுவில் வெற்றிலை பாக்கு. "இத்த அவங்க கையிலதான் குடுப்பேன். உனுக்குத் தனியா தாம்பூலப் பை கீது, போறப்ப வாங்கிக்க."

"எந்த மேடம்?" என்றாள் சொர்ணம்.

கார்த்திகா அம்மாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "அப்புறம் சொல்றேன்." மேடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்வதாக ஆட்டோவிலேயே முடிவு செய்திருந்தாள். முதலில் அந்த முப்பத்து மூன்றை யாரும் பார்க்காமல் எடுத்து ஒளித்துவிட வேண்டும். ஸ்டூலை நோக்கி இரண்டு அடி வைத்தாள்.

அவளுக்கு முன்னால் இன்னொரு கை நீண்டது. தாட்டியான உடம்பு, பெரிய மூக்குத்தி.

"போன வாட்டி பானை, இந்த வாட்டி பாட்டிலா அண்ணி?" குரல் மண்டபத்தின் கடைசி வரிசை வரை போயிற்று. இவள்தான் நாத்தனார் கண்ணம்மா. "அது எங்க ஊட்டுத் தொட்டியில உரிஞ்சது. இது இங்கியே உரிஞ்சிட்டா எல்லாருக்கும் வேல மிச்சம், இல்ல?"

சிலர் சிரித்தார்கள். கண்ணம்மா கல்கண்டைத் தட்டில் கொட்டிவிட்டு, காலிப் பாட்டிலோடு பின்பக்கக் குழாயடிக்கு நடந்தாள். பாத்திரம் கழுவ வைத்திருந்த சோப்புத்தூளும் நாரும் அங்கேயே இருந்தன. பாதி மண்டபம் அவள் பின்னால் போயிற்று. வசந்தாவின் முகம் வெளிறிவிட்டது. மேடத்துக்கான தட்டை ஏந்தியபடியே அவளும் போனாள்.

கார்த்திகா கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. பேசாமல் இருந்தால் ஒரு பாட்டில் உரியும். அந்த ஒன்றைப் பார்த்து ஐம்பதும் உரியும் என்பார்கள். வசந்தாவிடம் இன்னொரு வருடம் சொல்லிக்காட்டுவார்கள். பேசினால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மேடம் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தாள். மேடம் இருப்பது போனில் மட்டும்தான்.

"அத வேணாங்க."

யாரும் திரும்பவில்லை. அவ்வளவு மெல்லிய குரல்.

"அத வேணாம்!" என்றாள் மறுபடி. "அது உரியும்!"

எல்லாரும் திரும்பினார்கள். நார் பாட்டிலின் மேல் நின்றது.

"உரியுமா?" என்றாள் கண்ணம்மா. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேட்டீங்களா அண்ணி, விக்க வந்த பொண்ணே சொல்லுது!"

"அது ஒண்ணு மட்டும் உரியும். சரியா வேகலை. மத்த ஐம்பதும் உரியாது. எது வேணா எடுங்க. எவ்வளவு வேணா தேய்ங்க."

நாக்கு ஒட்டவில்லை. அது அவளுக்கே பிறகுதான் உறைத்தது.

கண்ணம்மா விடுகிற ஆள் இல்லை. கையிலிருந்ததையே தேய்த்தாள். நான்காவது தேய்ப்பில் ஒரு பச்சை வளையல் முழுசாகக் கழன்று, ஈரத்தோடு அவள் மணிக்கட்டில் போய் ஒட்டிக்கொண்டது. "பாத்துக்கங்கடி!" என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

அதற்குள் கார்த்திகா உள்ளே ஓடிப்போய் இரண்டு கைகளிலும் இரண்டு இரண்டாக நான்கு பாட்டிலைத் தூக்கி வந்திருந்தாள். "இப்ப இத."

கண்ணம்மா ஒன்றை வாங்கினாள். சோப்புத்தூளை அள்ளிப் போட்டாள். நார் கரகரவென்றது. நுரை முழங்கை வரை ஏறியது. ஒவ்வொரு தேய்ப்பும் கார்த்திகாவுக்குத் தன் தோலின் மேலேயே கேட்டது. மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. எழுபதில் கண்ணம்மா மூச்சு வாங்கித் தண்ணீரை ஊற்றினாள். நுரை விலகியது. சிவப்பு, பச்சை, மெல்லிய மஞ்சள், மறுபடி சிவப்பு. ஒரு கீறல் இல்லை.

"கை வலிக்குதா அக்கா? இங்க குடு," என்று ஒரு பெண் அடுத்ததை வாங்கினாள். அவளும் தேய்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அது விளையாட்டாகிவிட்டது. ஆளுக்கொன்று எடுத்து வந்தார்கள். ஒருத்தி நகத்தால் சுரண்டினாள். ஒருத்தி சமையல்காரரிடம் வெந்நீர் கேட்டாள். உள்ளேயிருந்து திவ்யா, "எனக்கு ஒண்ணு குடுங்க, நானும் தேய்க்கிறேன்!" என்று கத்தினாள். குழாயடிச் சுவரின் மேல், கழுவிய பாட்டில்கள் வரிசையாக ஏறின. பத்து, பதினைந்து, இருபது. வசந்தா ஒரு கையில் தட்டோடு, மறுகையால் ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியைப் பார்த்து, மேலே பார்த்து, நாத்தனாரைப் பார்த்தாள். ஒரு வருடமாக நிமிராத கழுத்து நிமிர்ந்திருந்தது.

"இப்ப சொல்லு கண்ணம்மா. வாயத் தொறந்து சொல்லு."

கண்ணம்மா தோற்றதை உடனே ஒப்புக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் கையைத் துடைத்தாள். "நிக்குது," என்றாள் கடைசியில். "நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன்." கார்த்திகாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். மணிக்கட்டில் அந்தப் பச்சை வளையல் இன்னும் இருந்தது. "ஐம்பத்தொண்ணுல இது ஒண்ணுதான் வேவலன்னு உனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? நீ சும்மா எடுத்துகினு வர்ற பொண்ணுதான?"

குழாயைச் சரியாக மூடவில்லை. சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா, மேடத்துக்கில்ல அது தெரியணும்," என்றாள் வசந்தா. தட்டு அவள் கையில் பத்திரமாக இருந்தது. பூ மட்டும் கொஞ்சம் நனைந்திருந்தது. "அவங்க எங்கம்மா? எப்பதான் கண்ணுல காட்டுவ?"

சொர்ணம் மகளைப் பார்த்தாள். எதுவோ புரிந்தவள் போல அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

கார்த்திகா ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். எந்த வாக்கியத்தையும் எழுதி எடுத்து வரவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

"மேடம்னு யாரும் இல்லைங்க," என்றாள், குழாயடியில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி. "அத்தனையும் வரைஞ்சது நான்தான்."

கண்ணம்மாவின் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. மணிக்கட்டில் பச்சை வளையல் வெயிலில் காய்ந்து, ஓரத்தில் மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது.